டிரைவரை மாற்றினால் ஸ்லைஸ் போகுமா?

8 ஜனவரி 2023

நேராகவே கேட்டுவிடுகிறேன். கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஆட்டம் சென்னையில்தான், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 24. ஏழாம் நம்பர் அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கு எடுக்கும் இரும்புத் தலைக் கிளப்) பத்துக்கு ஏழு தடவை நேராகப் போகிறது. டிரைவரை, அதாவது முதல் அடிக்கு எடுக்கும் நீளமான கிளப்பை எடுத்தால் மட்டும் பந்து இடப்பக்கம் கிளம்பி, ஃபேர்வேயை (நடுவில் புல் வெட்டிய பாதையை) குறுக்காகத் தாண்டி, வலப்பக்க மரங்களுக்குள் போய் விழுகிறது. இப்படி வலப்பக்கம் வளைவதைத்தான் ஸ்லைஸ் என்கிறோம். நேற்று மட்டும் ஐந்து பந்து தொலைந்தது. ஒரு பந்து தொலைந்தால் ஸ்கோரில் ஒரு அடி (ஸ்ட்ரோக்) அபராதம், அதோடு திரும்பப் பழைய இடத்திலிருந்து அடிக்க வேண்டும். ஐந்து பந்தென்றால் அங்கேயே பத்து அடி போச்சு.

என்னிடம் இருக்கும் டிரைவர் சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் கொடுத்தது, பத்து வருடப் பழசு. கடையில் புதியது 45,000 ரூபாய் சொல்கிறார்கள். மாற்றினால் ஸ்லைஸ் போகுமா, போகாதா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஜனவரி 2023

நீங்கள் கேட்ட விவரங்கள்: வயது 47, உயரம் 165 செ.மீ., வலக்கை ஆட்டம். பயிற்சி ரேஞ்சில் மெஷின் வைத்துப் பார்த்தபோது டிரைவர் வேகம் மணிக்கு 84 மைல் காட்டியது. பழைய டிரைவரின் லாஃப்ட் (பந்தை அடிக்கும் முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) 9.5 டிகிரி, ஷாஃப்ட் (தண்டு) ஸ்டிஃப், அதாவது விறைப்பானது.

இந்த வேகத்துக்கு ஸ்டிஃப் ஷாஃப்ட் அதிகம், லாஃப்டும் போதாது என்று நாலைந்து பேர் ஒரே மாதிரி சொல்கிறீர்கள். சரி. அப்படியென்றால் தப்பு என் கையில் இல்லை, கருவியில்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? அதைத்தான் உறுதியாகத் தெரிந்துகொள்ள ஆசை.

22 ஜனவரி 2023

இரண்டு வாரமாக இதைப் பற்றியே படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பழைய பாடப்படி சொன்னார்: சுவிங் (கிளப்பை வீசும் வீச்சு) எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும், கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறதோ அந்தப் பக்கம் வளையும். பல வருடம் எல்லா இடத்திலும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ராடார் கருவிகள் வந்த பிறகு, அதாவது டென்மார்க்கின் டிராக்மேன் போன்றவை வந்த பிறகு, அளந்து பார்த்தால் கதை கிட்டத்தட்டத் தலைகீழ். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்தான், டிரைவரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். முகத்துக்கும் சுவிங் பாதைக்கும் நடுவில் எவ்வளவு கோணம் இருக்கிறதோ அதற்கேற்ப வளைவு வரும்.

என் பந்து இடப்பக்கம் கிளம்புகிறது என்றால், அடிபடும் நேரத்தில் முகம் இடப்பக்கம்தான் பார்க்கிறது. நானோ இத்தனை வருடமாக முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது என்று நினைத்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி மூடிக்கொண்டிருந்தேன்! பாதை அதைவிட இன்னும் இடப்பக்கம் போகிறது, வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறேன், அதனால்தான் வலப்பக்கம் வளைகிறது. வலப்பக்கம் போகிறதே என்று நான் இடப்பக்கம் திரும்பி நிற்க நிற்கப் பாதையும் கூடவே இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுத்திருக்கிறேன்.

ஏழாம் நம்பர் ஏன் நேராகப் போகிறது என்று முதலில் கேட்டவருக்கு: அதில் லாஃப்ட் அதிகம், பின்சுழற்சியும் அதிகம். அதே கோணத் தப்பு இருந்தாலும் சுழலும் அச்சு அவ்வளவாகச் சாயாது. டிரைவரில் லாஃப்ட் கம்மி என்பதால் அதே தப்புக்கு அச்சு நன்றாகச் சாய்ந்துவிடும். ஆக, ஏழாம் நம்பரிலும் நான் வெட்டித்தான் ஆடுகிறேன், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

19 பிப்ரவரி 2023

வாங்கிவிட்டேன். 10.5 டிகிரி, ரெகுலர் ஷாஃப்ட் (ஸ்டிஃபைவிட வளைந்து கொடுக்கும்), குதிகால் பக்கம் (தலையில் ஷாஃப்ட் சேரும் ஓரம்) எடை வைத்தது. வீட்டில் விலையைச் சொன்னேன். இரண்டு நாள் பேச்சு இல்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

ஒன்று கவனித்தேன், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். விதிப்படி டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. என் பழையதும் 460, புதியதும் 460. தலையின் பருமனுக்காகப் புதிதாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. கொடுத்த காசு லாஃப்டுக்கும் ஷாஃப்டுக்கும் எடை இருக்கும் இடத்துக்கும்தான்.

ரேஞ்சில் அருமை. மைதானத்தில் முதல் ஒன்பது ஹோலில் மூன்று பந்து தொலைந்தது. பழக நாள் எடுக்கும் என்று நினைக்கிறேன்.

14 மே 2023

ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு லீவு, குடும்பத்தோடு வந்தோம், நான் கிளப்பையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தேன். இன்று காலை ஜிம்கானா மைதானத்தில் 18 ஹோல் ஆடினேன். குளிர், பனி, சுற்றிலும் பச்சை, சென்னை வெயிலில் ஆடிய உடம்புக்கு அது வேறு உலகம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லைஸ் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. தூரமும் கூடிவிட்டது, 200 யார்டு போன பந்து 215 போகிறது. 18 ஹோலில் ஒரே ஒரு பந்துதான் தொலைந்தது. ஆகவே ஜனவரியில் நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன்: மாற்றினால் போகும். மூன்று மாதம் பொறுமை வேண்டும். தாராளமாக வாங்குங்கள்.

4 ஜூன் 2023

மேலே மே 14 அன்று எழுதியதை யாராவது நம்பிக் கடைக்குப் போவதற்குள் திருத்தியாக வேண்டும்.

சென்னை திரும்பி மூன்று ரவுண்டு ஆடினேன். ஸ்லைஸ் அப்படியே இருக்கிறது. கிளப் அதே கிளப். மாறியது காற்று.

ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கம்மி. காற்று மெலிந்தால் பந்தைப் பிடித்து இழுக்கும் தடையும் குறையும், அதனால் தூரம் கூடும். இது பலருக்கும் தெரியும். நான் யோசிக்காமல் விட்டது அடுத்தது: பந்தை வளைப்பதும் காற்றுதான். சுழலும் பந்து காற்றைத் தள்ளுவதால்தான் வளைவே வருகிறது, காற்று மெலிந்தால் வளைவும் குறையும். அதே தப்பான அடி மலையில் கொஞ்சம் மன்னிக்கப்படும், கடற்கரை ஊரில் முழுத் தண்டனை கிடைக்கும்.

என் 15 யார்டும் காற்று கொடுத்தது. 45,000 ரூபாய் கொடுத்தது இல்லை.

6 ஜூன் 2023

கோவை நண்பர் சொன்னது சரி. ஊட்டியில் குளிரும் உண்டு, குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, பந்தும் குளிரில் துள்ளாது, அதனால் உயரம் கொடுப்பதில் கொஞ்சத்தைக் குளிர் திருப்பி எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் சென்னையைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கம்மியாக இருந்திருக்கும். அந்தக் கணக்கில் வளைவு பாதியாகக் குறைந்திருக்க நியாயமில்லை. மீதி எங்கிருந்து வந்தது?

இதை நினைத்துக்கொண்டே இருந்தபோது மனைவி எடுத்த வீடியோவைப் பார்த்தேன். அன்று தடி ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கை முழுசாக மேலே போகவில்லை, முக்கால் சுவிங்தான் வந்திருக்கிறது. முக்கால் சுவிங்கில் பந்து நேராகப் போயிருக்கிறது. இதை விடக் கூடாது.

16 ஜூலை 2023

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான குறிப்பு இதுதான் என்று எனக்குப் படுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என்னோடு வழக்கமாக வரும் கேடி (கிளப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருபவர்) அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து பை தூக்குகிறார். நான் மெஷின், ராடார், கோணம் என்று பேசுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். போன ஞாயிறு நான் இரண்டு பந்து தொலைத்த பிறகு, "சார், ஒரு நிமிஷம் குடுங்க" என்று டிரைவரை வாங்கினார். பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்துத் தண்ணீரில் நனைத்து முகம் முழுக்க வெள்ளையாகப் பூசினார். காயவிட்டு, "இப்ப அடிங்க" என்றார்.

அடித்தேன். பந்து வழக்கம்போல வலப்பக்கம் போனது. முகத்தில் பந்து பட்ட தடம் எங்கே இருந்தது தெரியுமா? நடுவில் இல்லை. ஷாஃப்ட் சேரும் குதிகால் பக்கம், ஒரு இன்ச் தள்ளி. மறுபடி பூசினார், மறுபடி அடித்தேன், அதே இடம். ஐந்து தடவை அடித்ததில் நான்கு தடவை அதே இடம்.

"ஆறு மாசமா பாக்கறேன் சார். சொன்னா கோச்சுக்குவீங்களோன்னு இருந்துச்சு" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கேட்காமல் இருந்தது என் தப்பு.

டிரைவரின் முகம் தட்டையாக இருக்காது, லேசாகக் குவிந்திருக்கும். குதிகால் பக்கம் பட்டால் தலை லேசாகத் திரும்பும், இரண்டு பல்சக்கரம் ஒன்றையொன்று சுற்றுவது போலப் பந்துக்கு வலப்பக்கம் வளையும் சுழற்சி கூடுதலாகச் சேரும். ஏற்கெனவே வெட்டி ஆடுபவனுக்கு இது இரட்டை அடி. வேகமும் போகும், தூரமும் போகும். நான் கோணத்தைப் பற்றிப் படித்தது தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் நடுமுகத்தில் பட்டால்தான் சரியாக வரும். அதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அண்ணன் சொன்ன வைத்தியம்: கிரிப்பில் ஒரு இன்ச் கீழே பிடி, கையை முக்காலுக்கு மேல் தூக்காதே. ஸ்வெட்டர் செய்த அதே வேலை. பத்து பந்தில் ஆறு நடுவில் பட்டது. வளைவு முழுசாகப் போகவில்லை, ஆனால் மரம் வரைக்கும் போகவில்லை.

30 ஜூலை 2023

ஷாஃப்டையே ஒரு இன்ச் வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவசரப்படாதீர்கள். வெட்டினால் தலை லேசான மாதிரி கைக்குத் தெரியும், ஷாஃப்டும் கொஞ்சம் விறைக்கும், அப்புறம் ஈயப் பட்டை ஒட்டிச் சரிசெய்ய வேண்டும். கீழே பிடித்து இரண்டு மாதம் ஆடிப் பாருங்கள், செலவில்லை. கடையில் தொங்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 இன்சுக்கு மேல் வருகின்றன, தூரம் சொல்லி விற்க அது வசதி. தொழில்முறை ஆட்டக்காரர்களில் நிறையப் பேர் அதைவிடக் குட்டையாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நண்பரின் ஏழாம் நம்பர் தன்னுடையதைவிட 20 யார்டு அதிகம் போகிறதே என்று வருத்தப்பட்டவருக்கும் ஒன்று. கிளப்பின் அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்டைக் கேளுங்கள். பழைய செட்டில் ஏழாம் நம்பர் 34, 35 டிகிரி இருக்கும். இப்போது வரும் செட்டுகளில் 28, 29கூட உண்டு. அவர் அடிப்பது உங்கள் ஐந்தாம் நம்பருக்கும் ஆறாம் நம்பருக்கும் நடுவில் ஒன்று.

27 ஆகஸ்ட் 2023

டிரைவர் ஓரளவு அடங்கியதும் அடுத்த கவலை. கடைசி ஆறு ரவுண்டில் பட்டிங்கை (கிரீன் என்கிற குட்டைப் புல்தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டும் அடிகளை) மட்டும் தனியாக எண்ணினேன். சராசரி 39. ஒரு ஹோலுக்கு இரண்டு என்றால் 36 தானே கணக்கு. த்ரீ பட் (ஒரே ஹோலில் மூன்று பட்) மட்டும் ரவுண்டுக்கு ஐந்தாறு வருகிறது.

குட்டி பட் போகவில்லை என்றுதான் இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். எழுதி வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. த்ரீ பட் வந்த இடத்திலெல்லாம் முதல் பட்தான் குற்றவாளி. 30 அடி தூரத்திலிருந்து அடித்துவிட்டு, 7 அடி மிச்சம் வைத்திருக்கிறேன், இல்லை 8 அடி தாண்டியிருக்கிறேன். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடுகிறவர்களே 8 அடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அளந்து சொன்ன கணக்கு இது. 33 அடியிலிருந்து அவர்களுக்கே சராசரி இரண்டு பட். அவர்கள் பாதி விடும் தூரத்தை நான் எனக்கே மிச்சம் வைத்துவிட்டு, போகவில்லையே என்று பட்டரை, அதாவது பட்டிங் கிளப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் பாதி பட்டிங்தான், பட்டிங் சரியானால் எல்லாம் சரி. இதை அடித்துச் சொல்கிறேன்.

29 ஆகஸ்ட் 2023

மேலே கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். அதே பிராடியின் கணக்கை முழுசாகப் படித்தால் எதிர்ப்பக்கம் சொல்கிறது. நன்றாக ஆடுகிறவருக்கும் சுமாராக ஆடுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் அடிகளில்தான் இருக்கிறதாம். என் தொலைந்த பந்துகளை நினைத்தால் உண்மை என்றுதான் படுகிறது. பட்டிங்கில் எனக்கு ஸ்கோரில் மூன்று அடி மிச்சமாகும். மரத்துக்குள் போகாமல் இருந்தால் ஆறு மிச்சமாகும்.

இருந்தாலும் பட்டிங்கை விடப்போவதில்லை. வீட்டிலேயே பழகலாம், காசு வேண்டாம்.

17 செப்டம்பர் 2023

பட்டர் பற்றி. என்னுடையது 35 இன்ச். கடையில் அதுதான் இருந்தது, அதையே எடுத்தேன். 165 செ.மீ. உயரத்துக்கு அது நீளம். நீளமான பட்டரைப் பிடிக்கக் கை மேலே வரும், அல்லது பந்தைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அப்போது கண் பந்துக்கு நேர் மேலே இருக்காது. கோட்டைத் தப்பாகத்தான் பார்ப்போம். 33 ஆகக் குறைத்தேன், லேசாகிவிட்டது, அடியில் ஈயப் பட்டை ஒட்டினேன். இப்போது கண் பந்துக்கு மேல் வருகிறது.

இன்னொரு சோதனை: பட்டரின் ஷாஃப்டை விரல்மேல் கிடையாக வைத்துப் பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் ஒரு வகை, நுனி கீழே தொங்கினால் இன்னொரு வகை. நேராக இழுத்து நேராக அடிப்பவர்களுக்கு முதல் வகை, லேசான வில்போல அடிப்பவர்களுக்கு இரண்டாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் வில் ஆள். என் பட்டர் முதல் வகை. இதற்காக இன்னொன்று வாங்கப்போவதில்லை, பிப்ரவரிப் பாடம் போதும்.

கையை மட்டும் மாற்றினேன். இடக்கை கீழே, வலக்கை மேலே. வலது மணிக்கட்டு உதறுவது நின்றது. இப்படிப் பிடித்தால் பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், உண்மைதான். பார்க்கட்டும். டர்பனில் கேடியாக இருந்து வந்த இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் பப்வா செவ்கோலம் பட்டிங்கில் இப்படித்தான் பிடித்தார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் 1963இல் நேட்டால் ஓப்பன் போட்டியை ஜெயித்தார். கோப்பையைக் கிளப் கட்டிடத்துக்குள் வைத்துக் கொடுக்காமல், வெளியே மழையில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

18 செப்டம்பர் 2023

திருத்தம். செவ்கோலம் பட்டிங்குக்கு மட்டும் அப்படிப் பிடிக்கவில்லை, டிரைவர் முதல் எல்லா அடிக்கும் அதே பிடிதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கற்றவர். அந்தப் பிடியோடு டச்சு ஓப்பனை மூன்று தடவை, 1959, 1960, 1964 என்று ஜெயித்தார். 1965இல் தென்னாப்பிரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் கேரி பிளேயர் ஆடிய நேட்டால் ஓப்பனிலும் அவரை முந்தி ஜெயித்தார். கை மாற்றிப் பிடித்தால் சுவிங் வராது என்று எனக்குச் சொன்ன நண்பர்கள் இதைப் படிக்க வேண்டும்.

15 அக்டோபர் 2023

இந்த முறை கேடி அண்ணனிடம் நானே கேட்டேன். பட்டிங்கில் நான் விடுவது எது?

"புல்லு சார்" என்றார். நம் ஊர் கிரீன்களில் இருக்கும் பெர்முடா புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பளபளவென்று தெரிந்தால் புல் நம்மைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, பந்து இழுத்து நிற்கும். சந்தேகம் வந்தால் குழியின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் காய்ந்து பிய்ந்த மாதிரி இருக்கும், புல் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆறு வருடமாகக் கிரீனில் மேடு பள்ளம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் 7 அடி மிச்சத்துக்கும் 8 அடி தாண்டலுக்கும் பாதிக் காரணம் இங்கே இருந்திருக்கிறது. சாயங்கால ஆட்டத்தில் புல் இன்னும் வளர்ந்திருக்கும், இன்னும் மெதுவாகும் என்றும் சொன்னார்.

அன்று நான் போட்ட 31 அடி பட் ஒன்றைப் பற்றி எழுத ஆசை, ஆனால் ஒரு பட்டுக்கு இவ்வளவு பெருமை கூடாது. ரவுண்டுக்கு 34 பட். த்ரீ பட் இரண்டுதான்.

கேடிகள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1991இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் ஜெயித்த சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். பை தூக்கும் ஆளிடம் யார்டு மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். என்ன தப்பு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

10 டிசம்பர் 2023

மிச்சாங் புயல் போய் ஆறு நாள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, மூன்று நாள் கரண்ட் இல்லை. எல்லோரும் பத்திரம். கேடி அண்ணன் வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது, அரிசியும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். மைதானம் மூடியிருக்கிறது, எப்போது திறக்கும் என்று தெரியாது, இப்போது அது பெரிய விஷயமும் இல்லை.

ஹாலில் மட்டும் பழகுகிறேன். 20 அடி நீளம். எதிர்ச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிச் செருப்பை வைத்து, சுவரைத் தொடாமல் செருப்பைத் தாண்டி நிறுத்த வேண்டும். மகள் பத்துக்கு ஆறு போடுகிறாள். நான் ஐந்து.

21 ஜனவரி 2024

ஒரு வருடம் ஆகிவிட்டது, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மாற்றியதால் ஸ்லைஸ் போகவில்லை. ஆனால் மாற்றியது முழு வீணும் இல்லை, 10.5 லாஃப்டில் பந்து நன்றாக எழும்புகிறது, அதை மறுக்க மாட்டேன். சாக்பீஸை முதலில் பூசியிருந்தால் பழைய டிரைவரோடேயே இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருப்பேன்.

ஹேண்டிகேப் இப்போது 20.6. கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8ஐ எடுத்துத்தான் அது கணக்கிடப்படுகிறது என்பதால், கெட்ட நாள்கள் இன்னும் எனக்கு நிறைய இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போன வாரம்கூட இரண்டு பந்து மரத்துக்குள் போனது.

பழைய டிரைவரை விற்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விற்கவில்லை. கேடி அண்ணனின் கடைசிப் பையனுக்கு 19 வயது, நல்ல உயரம், அவனும் மைதானத்தில்தான் வேலை பார்க்கிறான். அத்தானிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவனுக்குக் கொடுத்தேன். நேற்று ரேஞ்சில் முதல் பந்தை அடித்தான். 240 யார்டு, லேசாக இடப்பக்கம் வளைந்து நடுவில் விழுந்தது. எனக்கு ஆகாத அந்த ஸ்டிஃப் ஷாஃப்ட் அவன் வேகத்துக்குச் சரியாக இருக்கிறது. அண்ணன் ஒன்றும் பேசாமல் அவனிடமிருந்து கிளப்பை வாங்கி, முகத்தில் சாக்பீஸ் பூசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.